எருவின் சாரத்தைத் திருப்பி அனுப்பக் கோரிய திருமுகம்

நலம் ஓங்குக. கறவை வற்றாதிருக்க, காளை இடறாதிருக்க, கோல் கோணாதிருக்க.

உலகத்தில் மலைகள் பல உண்டு. அவை தாமாக வந்தவை. யாரும் வேண்டிக்கொண்டு வந்தவையல்ல; யாருடைய முயற்சிக்கும் சான்றாக நிற்பவையும் அல்ல. மனிதரும் மாடும் மனமொத்து, நாள்தோறும் விடியலில் கூடை கூடையாகச் சுமந்து எழுப்பும் மலை இந்நிலவுலகில் ஒன்றே. அது வெண்குன்ற நாட்டின் தலைநகராம் ஆன்மேட்டில், அரண்மனை வாயிலுக்கு நேரெதிரே, வெண்பாறைச் சரிவின் மேல், மறைப்பு ஏதுமின்றி வானம் பார்த்து நிற்கும் எருமலை. கொடிமரம் அதற்குத் தோள் மட்டும் வரும். வேற்றுநாட்டு வணிகர் அதை நெடுந்தொலைவிலிருந்தே அறிவர். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அறிவர்.

அவ்வெருமலையின் அதிபதி, ஆநிரைகளின் தந்தை, விடைக்கொடி உடையவர், வெண்கொற்றக்குடை நிழலில் வீற்றிருந்து வெண்குன்ற நாட்டைப் புரக்கும் ஏறன் கண்டன் அரையர், ஓடையின் கீழ்த்திசையில் உள்ள தாழ்வயல் நாட்டை ஆளும் கொற்றி மாதேவியார் திருமுன்பு விடுக்கும் திருமுகம். மாதேவியார் நலமென்று நம்பப்படுகிறது. மாதேவியாரின் நெற்பயிரும் நலமென்று கேள்வி. அது குறித்தே இவ்வோலை.

மேற்கொண்டு செல்லுமுன் மாதேவியார் ஒன்றை அறிந்தருள வேண்டும். இந்நாட்டு ஓலைகளுக்கு ஒரு முறைமை உண்டு. அரையரின் பாட்டனார் ஒரே யானையை மூன்று நாட்டாருக்குப் பரிசளித்து ஓலை விடுத்து, மூவரும் யானையை ஓட்டிப்போக வந்து நின்ற அன்று, அப்படித் தாம் சொன்னதே இல்லை என்று சாதித்தார். அன்று முதல், எழுத்தாணி ஓலையைத் தொட்டது தொடங்கி முத்திரை விழும்வரை, அரையர் முன்னிலையில் சொல்லப்பட்டதும் நடந்ததும் ஒன்று விடாமல் எழுதப்பட வேண்டும் என்பதும், எழுதியதை அழிக்கலாகாது என்பதும், அரையர் எங்கே எழுந்து போனாலும் ஓலை அவரைப் பின்தொடர வேண்டும் என்பதும் அவையின் கட்டு. ஆகவே இதனுள் அரசருக்கு ஒவ்வாத சொல் ஏதும் தென்பட்டால், அது ஓலைநாயகன் எழினியின் துடுக்கு என்று கருதாமல், பாட்டனாரின் யானையால் வந்த வினை என்று கருதியருளுக.

இனிச் செய்தி.

அரையருக்குப் பொறாமை என்பது அறவே இல்லை என்று முதற்கண் எழுதும்படி கட்டளை. எழுதப்பட்டது. மாதேவியாரின் வயலில் கதிர்கள் தலை தாழ்ந்து நிற்கும் அழகை அரையர் கனவில் கண்டு வியர்த்து எழுந்தது வெயிலால் என்றும் எழுதும்படி கட்டளை. அது மார்கழி மாதம் என்பதை ஓலைநாயகன் நினைவூட்டியபோது, மார்கழியிலும் சில ஆண்டு வெயில் அடிப்பதுண்டு என்று அரையர் அருளிச்செய்தார்.

இரு நாட்டு ஆறும் ஓடையும் கூடும் இடத்தில் கோயில் கொண்டிருக்கும் அம்மன் முன்னிலையில், ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் நடப்பதை மாதேவியாருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இரு நாட்டு அரசரும் தத்தம் வயலில் இருந்து ஒரு கைப்பிடிக் கதிர் கொண்டுவந்து துலாக்கோலில் வைப்பர். எவர் கதிர் கனக்கிறதோ அவருக்குப் பரிவட்டம். கனக்காதவர், கோயில் வாயிலில் இருந்து கருவறை வரைக்கும், கனத்தவருக்குக் குடை பிடிக்க வேண்டும். அரையரின் முன்னோர் எவரும் குடை பிடித்ததில்லை. அரையர் தொடர்ந்து மூன்று அறுவடைகள் பிடித்தார். மாதேவியார் வழியிலிருந்த ஒவ்வொரு தூணையும் நின்று பார்த்தார். முன்பு பார்த்திராதவை போலப் பார்த்தார். தேங்காயை உடைக்குமுன் அதன் குடுமியை நெடுநேரம் ஆராய்ந்தார். சென்ற ஆண்டு, ஊர் மக்கள் எல்லாம் கேட்கும்படி, திரும்பி ஒரு சொல்லும் சொன்னார்.

அச்சொல்லை எழுத வேண்டுமா என்று எழினி வினவினான்.

“எழுதுடா. அந்தம்மா சொன்னது அந்தம்மாவுக்கே நல்லா தெரியட்டும். ‘கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, வெயில் அடிக்குது’ன்னாங்க. எனக்கு. குடை பிடிக்கத் தெரியாதாம் எனக்கு.”

இங்கே அந்தம்மா என்றது மாதேவியாரைக் குறிக்கும் உயர்வுச் சொல் எனக் கொள்க.

இந்த ஆண்டும் குடை பிடிக்க நேர்ந்தால், விடைக்கொடியை இறக்கிவிட்டுக் குடைக்கொடியை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று அரையர் தம் தனியறையில் புலம்பியதை, அது ஓலை தொடங்குவதற்கு முன் நடந்ததாகையால், இங்கே எழுதவில்லை.

ஆகவே அரையர் வினவுவது இது. வெண்குன்ற நாட்டில் மனிதர் தலைக்கு ஒன்பது மாடு. தாழ்வயல் நாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு மாடு, அதுவும் சில வீட்டில் ஆடு. வெண்குன்ற நாட்டில் மலை. தாழ்வயல் நாட்டில், ஒற்றர் வாக்குப்படி, ஒரு குழி. குழியுடைய நாட்டில் கதிர் கனப்பதும், மலையுடைய நாட்டில் கதிர் பதராவதும் எந்த நூலில் உள்ளது? இதில் மாயம் இருக்க வேண்டும்; மந்திரம் இருக்க வேண்டும்; குறைந்தது கொஞ்சம் களவாவது இருக்க வேண்டும். அதை மாதேவியார் தாமே ஒப்புக்கொண்டால் அரையர் பெருந்தன்மையோடு மன்னிப்பார்.

மேலும் சாணத்துக்கு ஓலைக்கூரை வேய்ந்த மாதேவியாரின் செயல் குறித்து இந்நாட்டு மக்களுக்கு உள்ள கருத்தையும் தெரிவிக்கும்படி கட்டளை. சென்ற ஆண்டு எருமுழுக்குத் திருநாளில் நடந்த கூத்தில், ஒருவன் பெண்வேடம் கட்டித் தலையில் மூங்கில் குடிசை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு வரட்டியைக் குழந்தைபோல் ஏந்தி, வெயில் படாமல் மழை படாமல் தாலாட்டினான். அரையர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை அமைச்சர் மேல் தெறித்தது. “சாணிக்கு மாளிகை கட்டின மகராசி, ஈக்கு ஒரு அந்தப்புரமும் கட்டச் சொல்லுங்க” என்று அன்று அரையர் சொன்னது இன்றும் இங்குள்ள சிறுவர் வாயில் வழங்குகிறது. இவ்வாண்டும் அதே வேடம் உண்டு. இம்முறை குடிசைக்கு இரண்டு நிலை.

இவ்வளவு எழுதி முடிந்த வேளையில் வானம் இருண்டது. வாயிலில் முரசு அதிர்ந்தது. ஐப்பசியின் முதல் மழை என்பதால் எருமுழுக்குத் தொடங்கிற்று.

தாழ்வயலார் அறியாதிருக்கலாம் என்பதால் அதன் இயல்பும் எழுதப்படுகிறது. இந்நாட்டார் ஆண்டு முழுதும் சேர்த்த சாணத்தையும் குப்பையையும் வெண்பாறைச் சரிவில் குவித்து, முதல் மழை வரும் நாளில் அதன் மேலிருக்கும் ஒரு துரும்பையும் விடாமல் நீக்கி, மழைத்தெய்வம் குளிப்பாட்டட்டும் என்று திறந்து விடுவர். மழை விழ விழக் குவியலின் அடியிலிருந்து நீர் கசிந்து, பாறைச் சரிவில் வழிந்து, ஓடையில் இறங்கும். அந்நீர் எவ்வளவு கறுப்போ அவ்வாண்டு அவ்வளவு வளம் என்பது இவர்கள் கொள்கை. ஆதலால் மக்கள் ஓடைக்கரையில் திரண்டு நின்று, “கறுப்பு! கறுப்பு!” என்று கூவுவர். கூவல் கேட்டதும் அரையர் சாளரத்தில் தோன்றிப் பூச்சொரிவார். பின்னர்க் கூத்துப் பார்க்க அரையர் அமரும் இடத்துக்கும் மக்கள் நிற்கும் இடத்துக்கும் தென்னங்கீற்றுப் பந்தல் உண்டு. குவியலுக்கு மட்டும் இல்லை.

பூத்தட்டோடு அரையர் எழுந்த அவ்வேளை, கீழ்த்திசைக்கு வேவு பார்க்கப் போயிருந்த ஒற்றன் வேட்டன் தலையில் இருந்து கால்வரை நனைந்து உள்ளே வந்தான். போனபோது ஒட்டிய வயிறோடு போனவன், சற்றே உப்பிய வயிறோடு வந்தான்.

“வாடா வேட்டா. என்ன மந்திரம் வச்சிருக்காங்க? சீக்கிரம் சொல்லு, ஓலை காத்துக்கிட்டு இருக்கு.”

“மந்திரம் ஒண்ணும் இல்ல சாமி. சோறுதான். சோறு ஒவ்வொண்ணும் இவ்வளவு நீளம்.”

“சோத்தையா வேவு பார்த்த?”

“அதையும் பார்த்தேன் சாமி. அங்க சாணியைக் குவிக்கிறதே இல்ல. குழிதான். குழிக்கு அடியில களிமண்ணை மிதிச்சுப் பூசி, சொட்டு இறங்காம வச்சிருக்காங்க. மேல பனையோலைக் கூரை. குழியைச் சுத்தி ஒரு வரப்பு. பெய்யற மழை கூரையில இறங்கி வரப்புக்கு வெளியவே சுத்திக்கிட்டுப் போயிடுது. உள்ள இருக்கிற சாணி மழையையே பார்த்ததில்ல.”

“அதான் தெரியுமே, கூத்தே ஆடியாச்சு. களவு எங்க? அதைச் சொல்லு.”

வேட்டன் காலை மாற்றி நின்றான். தரையில் தேங்கிய நீரைப் பார்த்தான்.

“களவு இல்ல சாமி. நம்ம ஓடை அவங்க நாட்டுக்குள்ள நுழையுற இடத்துல பெரிய தேக்கம் ஒண்ணு வெட்டியிருக்காங்க. முன்னாடி நம்ம தண்ணி நேரா அவங்க ஏரிக்குப் போய், ஏரி பச்சைப்பாசி கட்டி, மீனெல்லாம் விடியக்காலம் வாயைத் திறந்துக்கிட்டு மிதந்துச்சாம். மாடு கூட குடிக்காதாம். நம்மகிட்ட ஓலை மேல ஓலை அனுப்பினாங்களாம்.”

அது உண்மை. அவ்வோலைகள் வந்தன. பச்சை மங்கல நிறம் என்றும், வெண்குன்ற நாட்டின் வளம் தாழ்வயல் ஏரியில் நிழலாடுவதற்கு மாதேவியார் நன்றி தெரிவிக்க வேண்டுமென்றும், மீன்கள் வாய் திறப்பது வாழ்த்துவதற்காக இருக்கலாமென்றும் மறுமொழி போயிற்று. எழுதியவன் எழினியே.

“அப்புறம்தான் அந்தத் தேக்கத்தை வெட்டினாங்களாம். நம்ம தண்ணி அதுல வந்து நின்னு இளைப்பாறுது சாமி. கறுப்பெல்லாம் அடியில வண்டலாத் தங்கிடுது. மிச்சத்தைக் கோரையும் வெட்டிவேரும் உறிஞ்சிடுது. தெளிஞ்ச தண்ணிதான் ஏரிக்குப் போகுது. மீனெல்லாம் இப்ப உள்ள நீந்துது. கோடையில கோரையை அறுத்து, வண்டலை வெட்டி, வண்டி வண்டியா வயலுக்கு அடிக்கிறாங்க. அவங்க வயலுக்குப் போற எருவுல குழியிலிருந்து வர்றது பாதிதான் சாமி. மீதி நம்மது.”

அரையரின் முகம் மலர்ந்தது. வேறொருவர் வீட்டில் தம் பாத்திரத்தைக் கண்டவரின் மலர்ச்சி அது.

“பார்த்தியா எழினி! நான் சொன்னேன் இல்ல, களவுன்னு? எழுது, எழுது!”

ஆகவே எழுதப்படுகிறது. தாழ்வயல் நாட்டு வயல்களில் விளைந்த நெல், வெண்குன்ற நாட்டு மாடுகளின் உழைப்பு. அக்கதிர் பெற்ற பரிவட்டம், முறைப்படி, அம்மாடுகளுக்கு உரியது; மாடுகளின் சார்பில் அரையருக்கு உரியது. இதுகாறும் வழிந்து வந்த எருவின் சாரம் முழுவதையும், இவ்வோலை கண்டவுடன், வந்த வழியே ஓடையில் ஏற்றி மேல்நோக்கித் திருப்பி அனுப்ப வேண்டியது. தவறினால் அரையர் மிகவும் வருந்துவார்.

“அந்தத் தேக்கத்துக்கு ஏதாச்சும் பேரு இருக்கா?” என்று அரையர் வினவினார். அரசர்கள் எப்போதும் கேட்கும் வினா அது.

வேட்டன் தலைத்துண்டைப் பிழியத் தொடங்கினான்.

“கேக்குறேன் இல்ல?”

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாது சாமி. ‘அரையர் கொடை’ன்னு பேரு.”

“எந்த அரையர்?”

“நீங்கதான் சாமி. உங்க பேரு போட்டுக் கல்லு நட்டிருக்காங்க. மஞ்சள் பூசி, பூவெல்லாம் வைக்கிறாங்க. வண்டல் அள்ளப் போறவங்க உங்களைக் கும்பிட்டுட்டுத்தான் இறங்குறாங்க.”

அரையர் மீசையை ஒருமுறை நீவினார். அதுவும் எழுதப்படுகிறது. பின்னர், “எழுத்து பெருசா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். ஓரளவு பெரிதே என்று வேட்டன் தெரிவித்தான்.

இவ்விடத்தில் அரையரின் தமக்கையாரும் அரண்மனைப் பாற்சாலையை ஆள்பவருமான சோமநங்கையார் பற்றி எழுத நேர்கிறது. அவர் அவையின் ஓரத்தில் அமர்ந்து மோர்ப்பானையில் மத்துச் சுழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மத்து நின்றது.

“தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டுமா?”

“ஓலை நடந்துக்கிட்டு இருக்கு அக்கா.”

“நடக்கட்டும், அதுக்கென்ன கால் வலிக்கவா போகுது? நம்ம சாரமெல்லாம் அவங்க வயலுக்குப் போயிடுச்சுன்னு சொல்ற. சரி. போனப்புறம் நம்ம மலையில என்ன இருக்கு?”

“மலை இருக்கு.”

“மலையில என்ன இருக்குன்னு கேட்டேன்.”

அரையர் சாளரத்துப் பக்கம் திரும்பினார்.

“வைக்கோல் இருக்கு தம்பி. தை மாசம் அதைத்தானே ஊரெல்லாம் பங்கு போட்டு வயல்ல கொட்டுறோம்? மாட்டுக்குப் போட்ட வைக்கோலைக் கழுவித் திருப்பி வயலுக்கே போடுறோம். கரும்பைப் பிழிஞ்சு சாறைச் சாக்கடையில விட்டுட்டு, சக்கையை மாலையாப் போட்டுக்கிட்டு நிக்கிறவனை நீ பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். தினமும் மோர் ஊத்துறேன் அவனுக்கு.”

“அவங்க திருடுறாங்க அக்கா!”

“கொட்டுறவன் நீ. தரையில சிந்தினதைத் துடைச்சு எடுத்தவங்க அவங்க. அதுவும் உன் பேரைப் போட்டு எடுத்திருக்காங்க. நானா இருந்தா பேரும் போட்டிருக்க மாட்டேன்.”

மோர் மீண்டும் சுழலத் தொடங்கிற்று.

வெளியே மழை வலுத்தது. ஓடைக்கரையில் இருந்து முதல் கூவல் எழுந்தது. “கறுப்பு! கறுப்பு!” வேறெந்த ஆண்டாயினும் அரையர் அதைக் கேட்டதும் இரு கையாலும் பூவை அள்ளி இறைப்பார். இன்று ஒரு கையில் பூவை எடுத்தார். எடுத்த பூ கையிலேயே நின்றது.

சாளரத்தின் வழியே கண்டவை எழுதப்படுகின்றன. குவியலின் அடிவாரத்தில் முதலில் ஒரு நூல்போலக் கசிந்த நீர், நூல் கயிறாகி, கயிறு பாம்பாகி, வெண்பாறை மேல் கரும்பழுப்பு நிறத்தில் பளபளத்து இறங்கியது. பாறை ஒரு துளியையும் உறிஞ்சவில்லை. சாணம் மண்ணில் வீணாகிவிடக் கூடாதே என்று பாறையைத் தேர்ந்தவர் அரையரின் தந்தையார். நீர் ஓடையில் சேர்ந்து, வளைவில் திரும்பி, கீழ்த்திசை நோக்கி அவசரமில்லாமல் போயிற்று. வீடு தெரிந்தவர் போவதுபோலப் போயிற்று.

“கறுப்பு! கறுப்பு!”

“எங்க போகுது அது?” என்று அரையர் மெல்லக் கேட்டார்.

“நம்ம கொடைக்குத்தான் சாமி,” என்றான் வேட்டன்.

அடுத்த கூவலுக்கு அரையரின் தோள் குலுங்கியது. அதற்கடுத்ததற்கு, பல்லில் பல் அரைபட்டது ஓலை வரைக்கும் கேட்டது. இவ்வளவு கறுப்பு இதற்கு முன் எந்த ஆண்டும் இல்லை என்று கரையில் ஒருவன் ஆனந்தத்தில் அழுதான். அரையரும் ஏறத்தாழ அதே நிலையில் இருந்தார். காரணம் மட்டும் வேறு. வரும் அறுவடையில் துலாக்கோலின் மறுதட்டில் வைக்கப்படப் போகும் கதிர், இதோ, தம் கண்முன், தம் மக்களின் வாழ்த்தொலியோடு, பாறையில் வழிந்து புறப்பட்டுவிட்டதை அவர் கண்டார்.

“முரசை நிறுத்தச் சொல்லு.”

ஆயிரம் பேர் கூவும்போது முரசை நிறுத்தினால், அரையருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கலவரம் எழும் என்று எழினி தெரிவித்தான். திருநாள் நின்றதாக வரலாறும் இல்லை.

“அப்ப அந்தக் கூத்துக்காரன் எங்க?”

“பந்தலுக்குப் பின்னாடி வேடம் கட்டிக்கிட்டு இருக்கான் சாமி. ரெண்டு நிலைக் குடிசை கனமா இருக்குதுன்னு கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்,” என்றான் வேட்டன்.

அரையர் பூத்தட்டைக் கீழே வைத்தார். வெளியே நடந்தார். கட்டின்படி ஓலையும் பின்தொடர்ந்தது. ஓலைக்கு மழை பகையன்று. கீறிய எழுத்து நனைந்தால் அழியாது. எழுதுகிறவனுக்கே சளி பிடிக்கும்.

வாயிலில் வெண்கொற்றக்குடையோடு நின்ற குடைவேலையாள் வழக்கம்போல் அரையர் தலைக்கு மேல் குடையை உயர்த்தினான். அரையர் அதை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். மக்கள் கூவலை நிறுத்திப் பார்த்தனர். அரையர் சரிவில் ஏறினார். குவியலின் அடியை அடைந்தார். அங்கும் நிற்காமல் அதன் மேல் கால் வைத்தார். முதல் அடியில் கணுக்கால் இறங்கியது. மூன்றாவதில் முழங்கால். பட்டாடையின் கரை எங்கே முடிந்தது, எருமலை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலையில் அவர் உச்சியை அடைந்தார்.

அடைந்து, குடையை விரித்து, தம் தலையை விட்டு விலக்கி, உச்சியின் மேல் பிடித்தார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கீழே நின்ற ஒரு கிழவர், அரையரின் பின்னாலேயே வந்து நின்ற சோமநங்கையாரை நோக்கிக் கேட்டார்:

“இது என்ன சடங்கு தாயி? நாங்க பார்த்ததில்லையே.”

“புதுசு,” என்றார் சோமநங்கையார், முகத்தில் ஒரு கோடும் மாறாமல். “இனிமே வருசா வருசம் உண்டு. மழை வந்தா மலைக்குக் குடை. நீங்களும் சும்மா நிக்காதீங்க, புண்ணியம் வேணும்னா இந்தப் பந்தல் கீத்தைப் பிரிச்சு மேல கொண்டு போங்க. அரையர் கையால வாங்கினா நல்லது.”

மக்கள் புண்ணியத்தை விடுவார்களா? அரையருக்கென்று போட்ட பந்தலும் தங்களுக்கென்று போட்ட பந்தலும் கணத்தில் பிரிந்தன. கீற்றுகள் தலைமேல் தலைமேலாக மேலேறின. கூத்துக்காரன் தன் இரண்டு நிலைக் குடிசையைத் தானே கழற்றிக் கொடுத்தான். உச்சியில் வைக்க அது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திற்று. ஆனாலும் மலை பெரியது, கீற்று சிறிது. உலகில் ஒன்றே ஒன்று என்று பெருமைப்பட்ட உயரம், மூட முற்படும்போது எவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. பெரும்பகுதி நனைந்துகொண்டே இருந்தது. ஓடை கறுத்துக்கொண்டே போயிற்று. கூவத்தான் ஆளில்லை, எல்லாரும் கீற்றுச் சுமந்தனர்.

முழங்கால் புதைய நின்ற அரையர், எழினியைக் கிட்டே வரும்படி கண் காட்டினார். எழினியும் புதைந்து கிட்டே போனான்.

“ஓலை இன்னும் முடியலையா?”

முத்திரை விழவில்லை என்று எழினி தெரிவித்தான்.

“முன்னாடி எழுதினதை அழிக்க முடியாதா? அந்தத் திருப்பி அனுப்புற விசயம்... ஈக்கு அந்தப்புரம்...”

பாட்டனாரின் யானையை எழினி நினைவூட்டினான்.

“சரி. அப்ப கடைசியில நாலு வார்த்தை சேர்த்துக்க. மெதுவா சொல்றேன், மெதுவா எழுது. அங்க கூரை வேயுற ஆளு, வாயாடாத ஆளா, ரெண்டு மூணு பேரை அனுப்பச் சொல்லு. களிமண் மிதிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன். பகல்ல வர வேணாம், பெரிய வாசல் வழியா வர வேணாம். கேட்டா, உறவுக்காரங்க கல்யாணத்துக்கு வந்திருக்காங்கன்னு சொல்லிக்கலாம். நான் சொன்னேன்னு எழுதாதே.”

எழுதப்பட்டது.

“எழுதாதேன்னு சொன்னதையும் எழுதுறியா?”

அதுவும் எழுதப்பட்டது.

அரையர் நெடுமூச்சு விட்டார். மழைநீர் அவர் மீசை வழியே வடிந்தது. “அந்தக் கல்லு,” என்றார் பின்னர். “வருசா வருசம் நம்ம கறுப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். தேக்கத்துல வண்டல் இல்லாமப் போனாலும் கல்லை மட்டும் எடுத்துட வேணாம்னு சொல்லு. பேரு இருக்கட்டும்.”

ஆகவே, கட்டளையாக இவை அறியத்தக்கன. முன்னர்க் கோரிய எருவின் சாரத்தை ஓடையில் மேல்நோக்கித் திருப்பி அனுப்பும் பணியை மாதேவியார் தம் வசதிப்படி தொடங்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். தாழ்வயல் ஏரியின் மீன்கள் வாய் திறந்தது வாழ்த்துவதற்கு அன்று என்பதை இந்நாடு இப்போது ஏற்கிறது. கூரைக்காரர் வர வேண்டியது. வந்தது யாருக்கும் தெரியலாகாது. தலையில் குடிசை கவிழ்த்த வேடம் இந்நாட்டுக் கூத்தில் இன்று முதல் நிறுத்தப்படுகிறது. குடிசை வேறு வேலையில் இருக்கிறது. வரும் அறுவடையில் துலாக்கோலின் முன் சந்திப்போம். அன்று எவர் எவருக்குக் குடை பிடிப்பார் என்பதை அம்மன் அறிவாள். அரையர் பயிற்சியில் இருக்கிறார்.

ஆநிரை உள்ளளவும், மழை உள்ளளவும், இரு நாட்டுக்கும் ஓடை ஒன்றாய் உள்ளளவும் இத்திருமுகம் செல்வதாக. இது ஏறன் கண்டன் அரையர் வாய்மொழி. இது விடைமுத்திரை. அரக்கு அரண்மனையில் இருந்தமையாலும், அரையர் இறங்க மறுத்தமையாலும், முத்திரை அருகில் கிடைத்ததன் மேல் வைக்கப்பட்டது. உலர்ந்தபின் உறுதியாக இருக்கும்.

மோதிரத்தை அழுத்தி எடுக்கும் வேளையில், உச்சியின் ஓரம் நனைவதை அரையர் கண்டார். யாரும் சொல்லாமலே, குடையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார்.